இடையூறும் எழுத்தும்

மேட்டூர் அணையின் நீர்மட்டம் வெகுவாகத் தாழ்ந்துவிடும் ஆண்டுகளில், பண்ணவாடிப் பக்கம் பழைய தேவாலயம் ஒன்றின் இரட்டைக் கோபுரங்கள் நீருக்கு மேலே தலைகாட்டும். 1934இல் கட்டி முடிக்கப்பட்ட அணைக்கு இடங்கொடுத்து வெளியேறிய ஊர்களின் எச்சம் அது. அவ்வாறு வெளியேறிய குடும்பமொன்றின் வழிவந்த பெண்மணி ஒருவர் மேச்சேரியில் விசைத்தறிக்குத் தார் சுற்றிப் பிழைப்பவர். சில ஆண்டுகளுக்கு முன் அவர் பள்ளிக்கூட நோட்டு ஒன்றை நம்மிடம் கொண்டுவந்தார். தம் பாட்டி சொன்ன ஊர்க்கதைகளை அதில் எழுதத் தொடங்கியிருந்தார். ஏழெட்டுப் பக்கங்கள், அதன்பின் வெறுந்தாள்.

“தறிச் சத்தத்திலே ஒண்ணும் ஓட மாட்டேங்குது, சாமி. பிள்ளைங்க படிச்சு முடிக்கட்டும்னு வச்சிருக்கேன்” என்றார். “அப்படியே செய்யம்மா, அமைதி கிடைக்கும்போது எழுதலாம்” என்று நாமும் ஆசி கூறி அனுப்பினோம்.

அந்த அறிவுரை சரிதானா என்னும் ஐயம் நமக்கு அண்மையில் எழுந்தது. தத்துவ போதகர் எனத் தமிழகம் அறிந்த இராபர்ட் தெ நொபிலி அடிகளாரின் உரைநடை நூல்களை மீண்டும் ஒருமுறை படிக்க நேர்ந்ததே அதற்குக் காரணம். 1960களில் ச. இராசமாணிக்கம் அடிகளார் அரிதின் முயன்று, தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகத்தின் வழியாகப் பதிப்பித்த நூல்கள் அவை. நம் இல்லங்களில் அடிகளாரின் பெயரை அறியாதார் இல்லை. அவர் நூலைப் புரட்டிப் பார்த்தவர் மிகச் சிலரே.

1577இல் இத்தாலியில் பிறந்து, 1606இல் மதுரை வந்து சேர்ந்த அவருக்கு, எழுத்துக்கென்று ஒதுங்கியிருக்கும் வாழ்வு வாய்க்கவில்லை. அவர் மேற்கொண்ட துறவுக்கோலத்தையும் உணவு முறையையும் உடன் உழைத்த மறைப்பணியாளரே குறைகூறினர். தம் நிலையை விளக்கி 1610, 1613, 1619 ஆகிய ஆண்டுகளில் இலத்தீனில் நீண்ட மறுமொழிகள் எழுத வேண்டியதாயிற்று. 1619இல் கோவாவில் கூடிய அவையின்முன் நின்று விடையிறுத்தார். 1623 ஜனவரி 31இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் விடுத்த ஆணைதான் அந்தப் பூசலைத் தணித்தது. அதே ஆண்டில்தான் அவர் நம் பகுதிக்கு நடந்து வந்தார். சேந்தமங்கலத்தில் வரவேற்பு இருந்தது. சேலத்திலோ வீடு தருவாரின்றிச் சத்திரத்தில் தங்கினார். பின்னர் சேலத்து நாயக்கரின் தமையனார் திருமங்கல நாயக்கர் 1625இல் திருமுழுக்குப் பெற்றார் என்பது நம் மறைமாவட்ட மக்கள் மறக்கலாகாத செய்தி. 1640இல் மதுரையில் சிறைவாசம். கண்ணொளி குன்றிய முதுமையில் யாழ்ப்பாணம், அதன்பின் மயிலாப்பூர். அங்கே 1656 ஜனவரி 16இல் இறைவனடி சேர்ந்தார்.

இத்தனைக்கும் நடுவே இவ்வளவு எழுதினாரே என்று வியப்பதோடு நம் விழா மேடைகள் நின்றுவிடுகின்றன. அவ்வியப்பு நூல்களைப் படியாமலே கொள்ளத்தக்க வியப்பு. படித்தால் வேறொன்று புலப்படும். ஒரு நூலின் பெயர் ‘தூஷண திக்காரம்’, பழிச்சொற்களுக்கு மறுப்பு. இன்னொன்றின் பெயர் ‘புனர்ஜென்ம ஆட்சேபம்’. மறுபிறவிக் கொள்கையோடு நடத்தும் வாதம். மற்றொன்று ‘நித்திய ஜீவன சல்லாபம்’. பெயரே சொல்வதுபோல் உரையாடல். பழித்தவர் இல்லையேல் முதல் நூல் இல்லை. வாதிட வந்தவர் இல்லையேல் இரண்டாவது இல்லை. கேட்டவர் இல்லையேல் மூன்றாவதும் இல்லை. எழுதவிடாமல் கதவைத் தட்டியவர்களே ஏட்டுக்குள் வந்து அமர்ந்துகொண்டார்கள் எனலாம்.

அவருடைய உரைநடையின் சிறப்பும் இங்கேதான் இருக்கிறது என்பது நம் துணிபு. எதிராளியின் வினாவை அவர் முழுமையாகப் பேசவிடுகிறார். அதன் பின்னரே விடைக்கு வருகிறார். அவ்விடங்களில் நடை விறுவிறுப்புக் கொள்கிறது. எதிரே ஒருவர் அமர்ந்திருப்பதை நம்மால் உணர முடிகிறது. எவரும் குறுக்கிடாமல் அவரே தனித்து விளக்கிச் செல்லும் பக்கங்களிலோ வாக்கியங்கள் நீண்டு, வடசொற்கள் அடர்ந்து, படிப்பவர் மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. ‘ஞானோபதேச’த்தில் இத்தகைய பக்கங்கள் பல உண்டு. அவரை உரைநடையின் தந்தை எனக் கொண்டாடுவோர் இந்தக் குறையை ஒப்புக்கொள்வதில்லை. (பட்டங்களில் நமக்கு அவ்வளவு நாட்டமில்லை. 1578இலேயே அன்ட்ரீக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறிவிட்டது. உரையாசிரியர்களின் உரைநடை அதற்கும் பன்னூறு ஆண்டுகள் மூத்தது.) 1726இல் நிறைவுற்ற வீரமாமுனிவரின் ‘தேம்பாவணி’யில் காணும் மெருகை இவரிடம் தேடுவோர் ஏமாறுவர். கண்பார்வை மங்கிய பின்னும் பிறர் துணைகொண்டு தம் நூல்களைச் சொல்லியும் திருத்தியும் வந்தவர் அவர். காதால் கேட்டே சரிபார்க்க வேண்டிய நிலையிலிருந்தவரிடம் செதுக்கலை எதிர்பார்ப்பது முறையாகாது.

பிறர் கையால் எழுதுவித்தவர்களில் அவருக்கு முன்னோடி தூய பவுல். உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் இறுதியில், அதைக் கைப்பட எழுதிய தெர்த்தியு தம் பெயரைச் சொல்லி வாழ்த்துக் கூறுவதைக் காண்கிறோம் (உரோ 16:22). இறை ஏவுதல் என்றவுடன் வானினின்று சொற்கள் இறங்கிவர, ஆசிரியர் வெறுமனே படியெடுத்தார் என்றொரு படம் நம்மில் பலர் உள்ளத்தில் இருக்கிறது. மக்கபேயர் இரண்டாம் நூலின் ஆசிரியரோ வேறு விதமாகப் பேசுகிறார். சீரேனைச் சேர்ந்த யாசோன் ஐந்து தொகுதிகளில் எழுதியதை ஒரே நூலாகச் சுருக்குவது எளிய வேலையன்று எனவும், வியர்வையும் உறக்கமின்மையும் அதற்குத் தேவைப்பட்டன எனவும் முறையிடுகிறார் (2 மக் 2:26). முடிவில், படைப்பு சிறப்பாக அமையாவிடில் தம்மால் இயன்றது அவ்வளவே என்கிறார் (15:38). தூய ஆவியால் ஏவப்பட்ட நூலுக்குள்ளேயே ஓர் எழுத்தாளரின் களைப்பு பதிவாகியிருக்கிறது! திருநூல் ஆசிரியர்கள் தம் ஆற்றல்களையெல்லாம் பயன்படுத்திய உண்மையான ஆசிரியர்களே என்று 1965இல் சங்கம் கற்பித்ததை நாம் குருமடத்தில் படித்தோம். அதன் பொருள் இந்த வசனத்தில்தான் நமக்கு விளங்கிற்று.

குருக்களுக்கும் துறவியருக்கும் இது பொருந்தலாம், குடும்பத்தாருக்கு ஆகுமா என்று வாசகர் கேட்கக்கூடும். 1826இல் குளத்தூரில் பிறந்த வேதநாயகம் பிள்ளை குடும்பத்தார். நம் திருச்சபையின் பொதுநிலையினர். நீதிமன்றத்தில் பதிவேட்டுக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்து, மாயூரத்தில் முன்சீப்பாக அமர்ந்தவர். அலுவலகத் தாள்களிலிருந்தே ‘சித்தாந்த சங்கிரகம்’ என்னும் தீர்ப்புத் தொகுப்பு பிறந்தது. 1859இல் வெளிவந்த ‘நீதிநூ’லில் கைக்கூலி வாங்குவோரைச் சாடும் பாடல்களின் சூடு, அத்தகையோரைப் பக்கத்து நாற்காலியில் கண்டவருக்கே வரும். 1879இல் அச்சான ‘பிரதாப முதலியார் சரித்திர’மும் அப்படியே. கதை அடிக்கடி நின்று அறவுரையாகிவிடுகிறது, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் வழக்காடுவோருக்குப் புரியாத மொழியில் வழக்கு நடப்பதைக் கண்டிக்கும் பகுதிக்கு வந்ததும் பேனா துள்ளுகிறது. அந்த மேசையில் பல்லாண்டு உட்கார்ந்திருந்தவரின் பேனா அல்லவா!

எல்லா இடையூறும் எழுத்துக்கு உரமாகும் என்று நாம் சொல்ல வரவில்லை. பசியும் நோயும் எத்தனையோ பேனாக்களை முறித்திருக்கின்றன. மேலும், ஒருவர் நம்மை நாடி வந்து தடுப்பதற்கும், ஒன்று நம்மைச் சும்மா ஈர்த்துக்கொண்டிருப்பதற்கும் வேறுபாடு உண்டு. இதை நம்மிடமே கண்டோம். சேலம் பகுதியில் தத்துவ போதகர் ஆற்றிய பணி பற்றி நாம் எழுதத் தொடங்கிய கட்டுரையொன்று பல ஆண்டுகளாக மேசை இழுப்பறையில் கிடக்கிறது. கேட்பவரிடமெல்லாம் அடக்கச் சடங்குகளையும் அவசர அழைப்புகளையும் காரணமாகக் காட்டி வந்தோம். ஒரு வாரம் கணக்கெடுத்துப் பார்த்தோம். இறந்தவர்களுக்கும் நோயாளிகளுக்கும் செலவானது சில மணி நேரம். கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தது அதைவிட அதிகம். நோயாளியின் வீட்டிலிருந்து திரும்பிய இரவுகளில் எழுதுவதற்கு ஏதேனும் ஒன்று இருந்தது. கைப்பேசியை வைத்துவிட்டு எழுந்த இரவுகளில் ஒன்றும் இல்லை.

கடந்த மாதம் அந்தப் பெண்மணியின் வீட்டுக்குச் சென்றோம். பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டார்கள். நோட்டு பத்திரமாக இருந்தது, வெறுந்தாள்களும் அப்படியே. பாட்டியின் கதைகளைச் சரிபார்த்துச் சொல்லக்கூடியவராக எஞ்சியிருந்த பெரியம்மா இடையில் காலமாகிவிட்டார். “நீங்களும் பொறுமையா எழுதலாம்னுதானே சொன்னீங்க, சாமி” என்றார். குற்றஞ்சாட்டும் குரலில் சொல்லவில்லை. ஆயினும் நமக்கு முகம் தாழ்ந்தது.

வீட்டுக் கதவைக் கழற்றி மாட்டுவண்டியில் ஏற்றிய நாளோடு எழுத்து நின்றிருந்தது. அப்புறம் என்ன நடந்தது என்று கேட்டோம். தார் சுற்றிக்கொண்டே சொல்லத் தொடங்கினார். பக்கத்துக் கொட்டகையில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தபடியால் ஒவ்வொன்றையும் இரண்டு முறை உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. நோட்டை நம் மடிமீது வைத்து எழுதிக்கொண்டோம்.