விரல் படாத பலகை

பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போகவிருந்த ஒரு படப்புத்தகத்தை வாங்கிவந்தேன். ஆப்பிரிக்காவில் பாண்டு மொழிகள் பேசுகிற மக்களின் நாடுகளைப் பற்றியது. முதலில் ஆறு, மலை, புல்வெளி. அடுத்து யானை, நீர்யானை, மான்கூட்டம். கடைசியில் முகமூடிகளும் மரச்சிற்பங்களும். படங்கள் எல்லாமே அருமை. ஆனாலும் ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. மூன்றாம் முறை புரட்டும்போதுதான் பிடிபட்டது. புத்தகம் முழுக்கத் தேடினாலும் பெயருள்ள மனிதர் ஒருவர்கூட இல்லை.

வேடிக்கை என்னவென்றால், 'பாண்டு' என்ற சொல்லுக்கே மனிதர்கள் என்றுதான் பொருள். அது ஓர் இனத்தின் பெயர் அல்ல. 19ஆம் நூற்றாண்டில் வில்ஹெல்ம் ப்ளீக் என்ற ஜெர்மானிய மொழியியலாளர், அந்த மொழிகளில் மனிதர்களைச் சுட்டும் சொல்லையே எடுத்து மொழிக்குடும்பத்துக்குப் பெயராக வைத்தார். கேமரூனிலிருந்து தென்னாப்பிரிக்கா வரை, சுமார் 500 மொழிகள். அத்தனையையும் ஒரே அட்டைக்குள் திணித்து, யானைக்கு அடுத்த பக்கத்தில் முகமூடியை வைத்தால் என்ன ஆகும்? முகமூடியும் அந்த மண்ணில் தானாக முளைத்ததுபோல் ஆகிவிடும். நம் திணைக் கணக்கில் சொல்வதென்றால், முதற்பொருள் இருக்கிறது, கருப்பொருள் இருக்கிறது, உரிப்பொருளைக் காணோம்.

அதில் அரைப்பக்க அளவில் ஒரு மரப்பலகையின் படம். இடை சிறுத்து, கையில் அடங்குகிற அளவு. மேலே பல நிற மணிகள் பதித்திருக்கின்றன. அடியில் 'லூபா மக்கள், காங்கோ' என்று மட்டும் போட்டிருந்தது. வீட்டுக்கு வந்த நண்பர் பார்த்துவிட்டு, "இதுல என்ன இருக்கு? குண்டூசி குத்திவெச்ச பலகை மாதிரியில்ல இருக்கு" என்றார். அன்றைக்கு எனக்கும் அதற்குமேல் தெரியாது.

அதன் பெயர் லுகாசா. காங்கோ ஜனநாயகக் குடியரசின் தென்கிழக்கில் வாழும் லூபா மக்களின் நினைவுப்பலகை. ம்புட்யே என்ற சங்கத்தில் படிப்படியாகப் பயின்று மேலே வந்தவர்களுக்குத்தான் அதை வாசிக்கத் தெரியும். இடக்கையில் பிடித்து, வலக்கை ஆள்காட்டி விரலால் மணிமணியாகத் தொட்டபடி சொல்லிக்கொண்டே போவார்கள். பெரிய மணியைச் சுற்றிச் சின்ன மணிகள் இருந்தால் அது தலைவனும் அவையும். வரிசையாகப் போனால் ஒரு பயணம். கொடுங்கோல் அரசன் ங்கோங்கோலோ, கிழக்கிலிருந்து வந்த வேட்டைக்காரன் ம்பிடி கிலுவே, அவன் மகன் கலாலா இலுங்கா அரசைக் கைப்பற்றியது என்று லூபா அரசின் தொடக்கக் கதை இந்த விரலோடுதான் நடக்கிறது.

புத்தகத்தின் முன்பகுதியில் 'இயற்கை' என்ற தலைப்பில் வந்த காட்சியும் இதே நிலம்தான். லுவாலாபா ஆறு உபெம்பா பள்ளத்தில் ஏரிகளாகவும் கோரைச் சதுப்பாகவும் விரிகிறது. அந்தச் சதுப்பில் வாழும் லெச்வே மான், தனி இனமாக அறிவியலில் பதிவானதே 2005இல்தான். ஆனால் அது ஆளில்லாக் காடு அல்ல. கிசாலே ஏரியில் மிதக்கும் செடித்திட்டுகளின் மேலேயே மீனவர்கள் குடிசை போட்டு வாழ்கிறார்கள். ஏரிக்கரையில் சங்கா என்ற இடத்தில் 1957இல் தொடங்கிய அகழாய்வுகள் ஆயிரம் ஆண்டுப் பழமையான கல்லறைகளைக் காட்டின. லூபாக்களுக்கு ஏரியும் குன்றும் காவல் ஆவிகள் உறையும் இடங்கள். அவையும் பலகையில் உண்டு. ஆக, படப்புத்தகம் மூன்று பகுதியாக வெட்டிவைத்ததை லுகாசா ஒரு கைப்பலகையில் சேர்த்தே வைத்திருக்கிறது.

இதையெல்லாம் படித்ததும் எனக்கு அட்டவணை ஆசை வந்தது. இந்த மணிக்கு இந்தப் பொருள் என்று ஒரு பட்டியல் கிடைத்தால் போதும், நானே வாசித்துவிடலாமே! அப்படி நடக்காது. யார் முன்னால், எந்தத் தருணத்தில், யார் வாசிக்கிறார் என்பதைப் பொறுத்து அதே மணி வேறு சொல்லும். அரசுரிமையின் விதிகளைக் காப்பவர்கள் ம்புட்யேகாரர்கள். அரசனின் அதிகாரத்துக்கு ஒரு கடிவாளமாகவும் இருந்தவர்கள். அப்படியானால் வாசிப்பு என்பது வெறும் பழங்கதை சொல்லுதல் அல்ல, அரசியல். 'மரபுக்கலை' என்று ஒரு பெயர் வைத்ததும் முதலில் காணாமல் போவது இதுதான்.

அடுத்தது கலைஞரின் பெயர். லூபா அரச இருக்கைகளைப் பெண் உருவம் தலையிலும் விரல்நுனியிலும் தாங்கி நிற்கும். அரசன் இறந்தபின் அவன் ஆவி ஒரு பெண்ணிடம் வந்து தங்கும் என்பது லூபாக்களின் நம்பிக்கை. அவளை ம்வாடி என்பார்கள். இப்படிப்பட்ட சிற்பங்களில் நீண்டு மெலிந்து சோகம் படிந்த முகமுடைய சிலவற்றை ஒரே கையின் வேலை என்று அடையாளம் கண்டவர் பெல்ஜிய அறிஞர் ஃப்ரான்ஸ் ஓல்ப்ரெக்ட்ஸ். அந்தக் கைக்கு 'புலியின் சிற்பி' என்று பெயர் நிலைத்தது. ஆப்பிரிக்காவில் ஏது புலி என்று கேட்க வேண்டாம், சிற்பங்கள் கிடைத்த ஊரின் பெயர் அது. பிறகு வந்த ஆய்வாளர்கள் ங்கோங்கோ யா சிந்து என்ற ஆளின் பெயரையே கண்டெடுத்தார்கள். ஒரே ஆளா, ஒரு பட்டறையா என்ற விவாதமும் உண்டு. இருக்கட்டும். 'லூபா, மரம்' என்பதோடு நின்றுபோன குறிப்பில், யார் செதுக்கியது என்ற கேள்வி நுழைந்ததே பெரிய விஷயம். விமர்சனம் செய்யக்கூடிய உருப்படியான வேலை அதுதான் என்று நினைக்கிறேன்.

1996இல் நியூயார்க்கில் மேரி நூட்டர் ராபர்ட்ஸும் ஆலன் ராபர்ட்ஸும் நடத்திய லூபா கலைக் கண்காட்சியும் அதையொட்டிய நூலும் நினைவையே மையப்பொருளாக எடுத்துக்கொண்டன. அழகான மரச்சாமான்களாகப் பார்க்கப்பட்டவற்றை, வரலாறு சொல்லும் கருவிகளாகப் பார்க்க வைத்தன. அதுபோன்ற முயற்சிகளை நான் மதிக்கிறேன். ஆனாலும் ஒரு சங்கடம் மிச்சமிருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் போன பலகையை யாரும் தொட முடியாது. பலகையைப் பாதுகாக்கும் அதே கண்ணாடி, விரலைத் தடுத்துவிடுகிறது. பூச்சி அரிக்காமல் பலகை நூறு வருஷம் இருக்கலாம். அதைச் சொல்லத் தெரிந்த கடைசி ஆள் போய்விட்டால், நண்பர் சொன்னது உண்மையாகிவிடும். குண்டூசி குத்திய பலகைதான்.

படப்புத்தகத்தைக் குறை சொல்லிவிட்டு நான் மட்டும் தப்பித்துக்கொள்ள முடியாது. இவ்வளவு எழுதிய எனக்கும் ஒரு மணியைக்கூட வாசிக்கத் தெரியாது. அந்த அரைப்பக்கப் படத்துக்குக் கீழே பென்சிலால் 'லுகாசா' என்றும், அதற்கும் கீழே 'இது வாசிக்கப்பட வேண்டியது' என்றும் எழுதி வைத்தேன். புத்தகம் என்னிடமிருந்து வேறு யார் கைக்காவது போகும்போது, அவர் அந்தப் பக்கத்தில் கொஞ்சம் நின்று பார்த்தால் போதும்.