கேட்ச் போட்டால் போதுமா?

ஜாவாவில் எக்ஸெப்ஷனை, அதாவது நிரல் ஓடும்போது எழும் பிழையை, புத்தகத்தில் படிக்காதே, நிரல் எழுதிப் பழகு என்பது இப்போது கோவில்பட்டி வட்டாரக் கல்லூரிகளிலும் வேதவாக்கு. லேப் தேர்வு, ஹேக்கர்ரேங்க் தளத்தின் பேட்ஜ், பிளேஸ்மென்ட் பயிற்சி எல்லாம் அந்த வழிதான். பாதி சரி. பிழை வந்த வழியைக் காட்டும் ஸ்டாக் டிரேஸை எந்த வரியிலிருந்து படிப்பது என்பதை விரிவுரையால் சொல்லித்தர முடியாது. ஃபைனலி என்ற பகுதி எப்போது ஓடும் என்பதும் விரல் வழியாகத்தான் மனதில் ஏறும். இதை மறுப்பவரோடு எனக்குப் பேச்சில்லை.

எந்தப் பயிற்சியைக் கொடுக்கிறோம் என்பதில்தான் சண்டை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 பாடத்திட்டத்தில் ஜாவா ஆய்வகப் பட்டியலில் எக்ஸெப்ஷனுக்கென்றே தனியாக ஒரே ஒரு பயிற்சி. 2021 திட்டத்திலும் ஒன்றுதான். ரெக்கார்டு நோட்டுகளைப் புரட்டினால் வயது 18க்குக் குறைவு என்ற எக்ஸெப்ஷன், இல்லையென்றால் வங்கியில் இருப்பு போதவில்லை என்ற எக்ஸெப்ஷன். அதை எறிபவனும் அவனே, கேட்ச் போட்டுப் பிடிப்பவனும் அவனே; நடுவில் பத்து வரி. ஹேக்கர்ரேங்கில் இரண்டு எண்ணை வாங்கி வகுக்க வேண்டும், பூஜ்யம் வந்தால் எக்ஸெப்ஷனை அச்சிட வேண்டும். எழுத்துக்கு எழுத்து அவுட்புட் பொருந்தினால் பச்சை டிக். என்ன தவறு வரப்போகிறது என்பதைக் கேள்வித்தாளே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. இதற்கு ஒரு இஃப் போதாதா என்று கேட்கிற மாணவிதான் விஷயம் பிடிபட்டவள். அந்தக் கேள்விக்கு மார்க் கிடையாது.

இப்படிப் பழகிய கை எதைக் கற்றுக்கொள்கிறது? நிரல் நிற்காமல் ஓடிவிட்டால் ஜெயித்தோம் என்பதை. அந்தப் பழக்கத்தை நம் ஊர்க் கணக்கில் வைத்துப் பாருங்கள். பாஞ்சாலங்குறிச்சி, எட்டயபுரம் பக்கத்து மழைமானிகளின் ஐப்பசி அளவுகள் ஒரு கோப்பில் இருக்கின்றன என்று கொள்வோம். ஒருநாள் அளக்க ஆள் போகவில்லை; எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. அதை எண்ணாக்கப் பார்க்கும் வரியில் நம்பர் ஃபார்மேட் எக்ஸெப்ஷன் எழும். லேப்பில் தேறிய மாணவன் கேட்ச் போட்டு, மழை 0 என்று எழுதி, அடுத்த வரிக்குப் போய்விடுவான். திரையில் சிவப்பு எழுத்தே இல்லை. ஆனால் அளக்காத நாள் இப்போது மழையே பெய்யாத நாளாகிவிட்டது. அந்த மாதக் கூட்டுத்தொகையை நம்பி மானாவாரி விதைப்புக்குத் தேதி குறிக்கிறவருக்கு நடுவில் என்ன நடந்தது என்று தெரிய வழியே இல்லை. எக்ஸெப்ஷனைப் பிடிக்காமல் விட்டிருந்தால் நிரல் நின்றிருக்கும். யாராவது கோப்பைத் திறந்து பார்த்திருப்பார்கள். பிடிக்காமல் மேலே விடுவதும் கையாளுதல்தான். அதற்கு எந்த லேப்பிலும் ஒரு பயிற்சிகூட நான் கண்டதில்லை.

இது மாணவர் விளையாட்டு, வேலைக்குப் போனால் திருந்திவிடுவார்கள் என்று சமாதானம் சொல்வார்கள். 2014இல் டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கசாண்ட்ரா, எச்பேஸ், எச்டிஎஃப்எஸ், மேப்ரெட்யூஸ், ரெடிஸ் ஆகிய தரவு மென்பொருள்களின் 198 கோளாறுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். ரெடிஸ் தவிர நான்கும் ஜாவா. மொத்த அமைப்பையும் சாய்த்த கோளாறுகளில் 92 சதவீதத்துக்குக் காரணம், மென்பொருளே உரக்கச் சொன்ன பிழையைத் தவறாகக் கையாண்டது. 35 சதவீதம் அற்பத் தவறுகள்: கேட்ச் காலி, அல்லது உள்ளே ஒரு லாக் வரி, அல்லது 'பிறகு செய்ய வேண்டும்' என்ற குறிப்பு, அல்லது எல்லா எக்ஸெப்ஷனையும் மொத்தமாகப் பிடித்து, கணினிக் கூட்டமான கிளஸ்டரையே நிறுத்துவது. எழுதியவர்கள் முதலாண்டுப் பிள்ளைகள் இல்லை.

எக்ஸெப்ஷனைப் பிடித்தே ஆக வேண்டும் என்கிற எதிர்த்தரப்பு உடனே ஏரியன் 5 ராக்கெட்டை இழுக்கும். 1996 ஜூன் 4 அன்று, பிடிக்கப்படாத ஓர் எக்ஸெப்ஷன்தானே அதை வீழ்த்தியது? ஆம். ஆனால் இப்படியொரு பிழை வந்தால் கணினி நின்றுவிட வேண்டும் என்பது வடிவமைப்பிலேயே எடுத்த முடிவு. அதே நிரல் ஓடிய துணைக் கணினி அதே காரணத்தால் நொடிக்கும் குறைவான நேரம் முன்னதாகவே நின்றிருந்தது. பிழை வந்தபின் என்ன செய்வது என்று யோசிக்காத இடத்தில் கேட்ச் என்ற சொல்லை மட்டும் சேர்த்து என்ன பயன்?

லேப் தேர்வின் மூன்று மணி நேரத்தில் ஒரு பேட்ச் முழுவதையும் பார்த்தாக வேண்டும், அவுட்புட்டை விட்டால் வெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் தேர்வாளர் வேறு எதைத் திருத்துவார் என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள். மாணவன் எழுதி முடித்தபின் அவன் கோப்பில் ஓர் எண்ணை அழித்துக் கோடு போட்டு, மறுபடி ஓட்டச் சொல்லட்டும். வந்த விடையை நம்பலாமா என்று அவனையே கேட்கட்டும். இரண்டு நிமிடம் ஆகாது.