நன்னாரி வேர் போதும், சர்பத் வேண்டாம்: கொம்புச்சா கிட் விமர்சனம்

புதுச்சேரியில் பீர் வாங்க யாரும் சிரமப்பட வேண்டியதில்லை. ஆனால் அதை வீட்டில் தயாரிக்கச் சட்டம் இடம் தராது. 1970-ஆம் ஆண்டின் கலால் சட்டப்படி, உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். பிரிட்டனில் வீட்டு பீருக்கு உரிமம் வேண்டும் என்ற விதியை 1963-லேயே எடுத்துவிட்டார்கள். சிங்கப்பூரில் விற்காத வரை ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் அனுமதி உண்டு. இங்கே அந்தப் பேச்சே இல்லை. எனவே ஜாடியில் எதையாவது நொதிக்க வைத்துப் பார்க்கும் ஆசை இருப்பவர்களுக்கு இந்த ஊரில் மிஞ்சுவது கொம்புச்சா கிட். ஒயிட் டவுன் கஃபேக்களிலும் ஆரோவில் பக்கத்துக் கடைகளிலும் பாட்டிலில் கிடைக்கும் அதே புளிப்புத் தேநீரை வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் பெட்டி அது. முதல் ஜாடியைக் குடித்ததுமே எல்லோருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: சப்பென்று இருக்கிறதே, இன்னும் எதைச் சேர்க்கலாம்? இந்த விமர்சனம் அந்தக் கேள்விக்கான பதில். சேர்க்க வேண்டியது வாசனை. சேர்க்கக் கூடாதது சர்க்கரை.

முதலில் பெட்டியைத் திறந்து பார்ப்போம். இணையத்தில் விற்கும் கிட்டுகள் பலவற்றிலும் இருப்பவை ஏறக்குறைய ஒன்றுதான்: ஒரு பையில் கொஞ்சம் புளித்த தேநீரும் அதில் மிதக்கும் வழுவழுப்பான வெள்ளைத் தட்டும், தேயிலை, சர்க்கரை, ஒரு துணி, ரப்பர் பேண்ட், ஒரு துண்டறிக்கை. விலை கூடினால் மூன்று லிட்டர் கண்ணாடி ஜாடியும் புளிப்பைக் காட்டும் பிஎச் தாள்களும் வரும். ஸ்கோபி என்று கொண்டாடப்படும் அந்தத் தட்டு பெரும்பாலும் பாக்டீரியா நெய்த செல்லுலோஸ்தான். உண்மையான வேலையாட்கள் பையில் இருக்கும் புளித்த திரவத்தில் இருக்கிறார்கள். அங்கேதான் பல கிட்டுகள் கஞ்சத்தனம் செய்கின்றன. புதுத் தேநீரில் பத்தில் ஒரு பங்காவது இந்தத் திரவம் இருந்தால்தான் பிஎச் 4.2-க்குக் கீழே இறங்கி, பூஞ்சை தலைகாட்டாமல் இருக்கும். பையில் இருப்பதோ 100, 150 மில்லி. அதை மூன்று லிட்டரில் ஊற்றச் சொல்வது துண்டறிக்கையின் பிழை. முதல் தடவை ஒரு லிட்டர் மட்டும் போட்டு, அதிலிருந்து எடுத்து அடுத்த தடவை மூன்று லிட்டராக்குவதே சரி.

துண்டறிக்கையின் இரண்டாவது குறை நாள் கணக்கு. குளிர்நாட்டுச் சமையலறையை மனதில் வைத்து எழுதியதால், ஏழு முதல் பதினான்கு நாள் காத்திருக்கச் சொல்கிறது. சில கிட்டுகளோடு ஜாடிக்கடியில் வைக்கும் சூடேற்றும் விரிப்பையும் விற்கிறார்கள். கத்திரி வெயிலில் பகலில் 37 டிகிரியைத் தொட்டு, இரவிலும் 27-க்குக் கீழே இறங்க மறுக்கும் ஊரில் அந்த விரிப்பு வீண் செலவு. கொம்புச்சாவுக்கு ஏற்ற வெப்பம் 24 முதல் 30 டிகிரி. அதைத் தாண்டினால் ஈஸ்ட் வேகமெடுக்கும், ருசி முரடாகும். மே மாதத்தில் ஐந்தாம் நாளே ஒரு சுத்தமான ஸ்பூனில் எடுத்து ருசி பார்க்க வேண்டும். மார்கழியில் இன்னும் சில நாள் விடலாம். இனிப்பும் புளிப்பும் சமமாக நிற்கும்போது பாட்டிலுக்கு மாற்றிவிடலாம். தாள் பிஎச் 3-ஐ ஒட்டிக் காட்டினால் பெரும்பாலும் அந்த நேரம் வந்திருக்கும்.

இனி மையக் கேள்வி. கூடுதல் பொருள்களை எங்கே, எப்போது சேர்ப்பது என்பதற்கு, ஜாடிக்குள்ளும் பாட்டிலுக்குள்ளும் நடப்பது ஒன்றல்ல என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். துணி மூடிய ஜாடிக்குக் காற்று போகும். ஈஸ்ட் சர்க்கரையை உடைத்து ஆல்கஹால் ஆக்குகிறது. பாக்டீரியா அந்த ஆல்கஹாலை எடுத்து, காற்றிலுள்ள ஆக்ஸிஜன் துணையோடு அசிட்டிக் அமிலமாக மாற்றுகிறது. ஒருவர் செய்வதை இன்னொருவர் தின்றுவிடுவதால் ஆல்கஹால் ஏறாமல் நிற்கிறது. மூடியை இறுக்கிய பாட்டிலில் காற்று இல்லை. அங்கே ஈஸ்ட் மட்டும் வேலை செய்யும். அது உண்டாக்கும் கேஸும் ஆல்கஹாலும் உள்ளேயே தங்கிவிடும். சோடா போன்ற துள்ளல் வருவது இதனால்தான், ஆபத்து வருவதும் இதனால்தான்.

இப்போது நம் ஊரில் எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனையை எடுத்துக்கொள்வோம்: பாட்டிலில் நன்னாரி சர்பத் ஊற்றுவது. சர்பத்தில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி, ஏறத்தாழ 10 கிராம் சர்க்கரையைக் கொண்டுவரும். ஒரு லிட்டர் பாட்டிலில் அந்த 10 கிராம் முழுக்க நொதித்தால், திரவத்தின் கொள்ளளவைப் போல் இரண்டரை மடங்கு கரியமில வாயு உண்டாகும். சாதாரண பீர் பாட்டிலில் இருக்கும் கேஸின் அளவு அது. கூடவே ஆல்கஹால் சுமார் 0.6 சதவீதம் ஏறும். இரண்டு மூன்று கரண்டி ஊற்றினால் ஷாம்பெயின் பாட்டிலின் அழுத்தத்தை எட்டும், தாண்டவும் செய்யும். ஷாம்பெயின் பாட்டில் கனத்த கண்ணாடி. ஜூஸ் வந்த பாட்டில் அப்படியல்ல. இதெல்லாம் ஜாடியிலிருந்து ஏற்கெனவே வந்த மிச்சச் சர்க்கரைக்கு மேல் போடுகிற கணக்கு என்பதை மறக்கக் கூடாது.

அந்த 0.6 என்ற எண் சும்மா வந்ததல்ல. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, 0.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் அது மதுபானம். 2010-இல் அமெரிக்காவில் இதே காரணத்தால் ஹோல் ஃபுட்ஸ் கடைகளின் அலமாரிகளிலிருந்து கொம்புச்சா பாட்டில்கள் இறக்கப்பட்டன. கடைக்கு வந்த பிறகும் பாட்டிலுக்குள் ஈஸ்ட் வேலையை நிறுத்தவில்லை. தொழிற்சாலைக்கே அந்தக் கதி என்றால் சமையலறைக்குச் சொல்ல வேண்டாம். பீர் கிட்டின் வரலாறும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. ஆஸ்திரேலியாவின் கூப்பர்ஸ் கிட்டில் 1.7 கிலோ மால்ட் சாறு டின்னோடு ஒரு கிலோ சர்க்கரை சேர்த்து 23 லிட்டர் பீர் போடுவது அடிப்படை முறை. அந்தச் சர்க்கரை போதையை ஏற்றியது, ருசியையும் கனத்தையும் தரவில்லை. கைதேர்ந்தவர்கள் சர்க்கரையைக் குறைத்து, கூடுதல் மால்ட்டும் கடைசியில் ஹாப்ஸ் பூவும் சேர்க்கத் தொடங்கிய பிறகுதான் கிட் பீர் குடிக்கும்படி ஆனது.

ஆக, பாட்டிலில் போட வேண்டியது சர்பத் அல்ல, வேர். நன்னாரியின் மணம் முழுவதும் மேல்பட்டையில் இருக்கிறது. நடுவிலுள்ள கட்டை வெறும் மரம். குபேர் அங்காடிப் பக்கத்து நாட்டு மருந்துக் கடைகளில் வேர் வாங்கி, மண் போகக் கழுவி, லேசாக நசுக்கி, கட்டையை உருவி எறிந்துவிட்டு, பட்டைமேல் கொதிநீர் ஊற்றி மூடிவைக்க வேண்டும். அடுப்பில் வைத்துக் கொதிக்க விட்டால் மணம் ஆவியோடு போய்விடும். ஆறியதும் வடிகட்டி, பாட்டிலுக்கு 50 மில்லி ஊற்றினால் போதும். சர்பத்தின் நினைவைத் தரும் மணம் வரும், சர்க்கரை வராது. இஞ்சி என்றால் மெல்லிய வில்லைகள் நான்கைந்து. எலுமிச்சை என்றால் சாறு வேண்டாம், தோலின் மஞ்சள் பகுதி மட்டும். புளிப்பு ஏற்கெனவே தாராளமாக இருக்கிறது. கடலூர்க் கடற்கரை மணலில் விளையும் வெட்டிவேர் ஒரு விரல் நீளம் போட்டால் ஒரே இரவில் மணம் இறங்கிவிடும். அதையும் முதலில் கொதிநீரில் அலச வேண்டும். இவை எதையும் துணி மூடிய தாய் ஜாடியில் போடக் கூடாது. வாசனை எண்ணெய்கள் நுண்ணுயிர்களை மட்டுப்படுத்தும். அடுத்த தடவைக்கு எடுத்துவைக்கும் திரவம் கெட்டுவிடும்.

சர்க்கரை இல்லாமல் கேஸ் எப்படி ஏறும் என்பது முதல் ஆட்சேபம். ஜாடியில் லிட்டருக்கு 70 கிராம் சர்க்கரை போட்டுத்தான் தொடங்குகிறோம். இனிப்பு நாவில் தெரியும்போதே பாட்டிலுக்கு மாற்றினால், கேஸுக்கு வேண்டிய சர்க்கரை அதிலேயே தாராளமாக இருக்கும். கூடுதலாகப் போடுவது அழுத்தத்தின் உச்சவரம்பை உயர்த்துமே தவிர, ருசியைக் கூட்டாது. எப்போது நிறுத்துவது என்பதை அறிய, கண்ணாடி பாட்டில்களோடு பழைய சோடா பெட் பாட்டில் ஒன்றையும் நிரப்பி வைப்பதுதான் செலவில்லாத கருவி. முதல் நாள் விரலால் அழுத்தினால் குழியும். கோடையில் மறுநாளே, மழைக்காலத்தில் இரண்டு மூன்று நாளில், கல் மாதிரி இறுகும். இறுகியதும் எல்லா பாட்டிலையும் ஃபிரிட்ஜுக்கு மாற்ற வேண்டும். இந்த ஊர் வெப்பத்தில் கிட்டுக்குத் தேவையான மிக முக்கியமான கூடுதல் பொருள் ஃபிரிட்ஜில் ஒரு தட்டு இடம்தான்.

இரண்டாவது ஆட்சேபம்: கருப்பட்டியும் பழமும் இயற்கையானவைதானே? ஈஸ்டுக்கு அந்தப் பாகுபாடு தெரியாது. மாம்பழக் கூழ் 100 கிராமில் ஏறக்குறைய 14 கிராம் சர்க்கரை உண்டு. நாவல் பழத்துக்கும் பண்ருட்டி முந்திரிப் பழத்துக்கும் இதே விதிதான். பழம் வேண்டுமானால் ஒரு பாட்டிலுக்கு இரண்டு மூன்று துண்டு, மணத்துக்காக மட்டும். கருப்பட்டியை ஜாடியில் வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாகப் போடலாம், கலவை சாகாது. ஆனால் அதிலுள்ள தாதுக்களும் கருகிய சுவையும் தேநீரின் மணத்தை அமுக்கிவிடும். ஆசை இருந்தால் பாதி கருப்பட்டி, பாதி சர்க்கரை என்று தனி ஜாடியில் போட்டுப் பார்க்கலாம்; தாய்க் கலவையை வெள்ளைச் சர்க்கரையிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது ஆட்சேபம் கொஞ்சம் கனமானது. தெர்மாமீட்டரும் பிஎச் தாளும் இல்லாமல்தான் தலைமுறைகளாக இட்லி மாவு புளிக்க வைத்தோம், இதற்கு மட்டும் ஏன் இத்தனை கெடுபிடி? இட்லி மாவு திறந்த பாத்திரத்தில் பொங்குகிறது, பிறகு ஆவியில் வேகிறது. கொம்புச்சாவை மூடி இறுக்குகிறோம், பச்சையாகக் குடிக்கிறோம். பாட்டி வீட்டுப் பீங்கான் ஊறுகாய் ஜாடியில் போடும் வழக்கமும் வேண்டாம். 1998-இல் ஆஸ்திரேலியாவில், பீங்கான் பாத்திரத்தில் கொம்புச்சா போட்டுக் குடித்த தம்பதிக்கு ஈய நஞ்சேறியது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. புளிப்பு, பூச்சிலிருந்த ஈயத்தைக் கரைத்துவிட்டது. பித்தளை, செம்பு, பழைய பீங்கான் எதுவும் கூடாது, கண்ணாடி மட்டுமே. மேலே பச்சையாகவோ கறுப்பாகவோ பஞ்சு போல் படர்ந்தால், அந்தப் பகுதியை மட்டும் எடுத்துப் போடும் சிக்கனம் வேண்டாம்; தாயோடு சேர்த்து மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டும்.

துண்டறிக்கையின் மருத்துவப் புகழ்ச்சிகளுக்கு நான் மதிப்பெண் தரவில்லை. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் மிகக் குறைவு. 2023-இல் வெளியான, சர்க்கரை நோயாளிகளிடம் ரத்தச் சர்க்கரை குறைந்ததாகச் சொன்ன ஆய்வில் கலந்துகொண்டவர்கள் 12 பேர். அதைப் பெரிய ஆய்வுக்கான தொடக்கமாக எடுத்துக்கொள்ளலாம், மருந்தாக அல்ல. கர்ப்பிணிகளும், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும், மதுவை முற்றிலும் தவிர்ப்பவர்களும் வீட்டுக் கொம்புச்சாவைத் தவிர்க்கலாம். குழந்தைகளுக்குக் கொடுக்கும் முன்னும் அந்த 0.5 சதவீதத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

வாங்கலாமா? ஜாடி வீட்டிலேயே இருந்தால், தாராளமான புளித்த திரவத்தோடு வரும் மலிவான கிட் போதும்; பிஎச் தாளைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம். சூடேற்றும் விரிப்பு, பழச் சிரப், சுவையூட்டிப் பொட்டலம் என்று நீளும் 'பிரீமியம்' பெட்டிக்கு இந்த ஊரில் வேலையில்லை. அதற்குக் கொடுக்கும் கூடுதல் காசில் ஒரு கட்டு நன்னாரி வேரும் இறுக்கி மூடும் தரமான பாட்டில்கள் நான்கும் வாங்கலாம். வார இறுதிச் சந்தையில் வைத்து விற்கலாம் என்று கணக்குப் போடுபவர்கள் மட்டும் ஆல்கஹால் அளவைச் சோதனைக்கூடத்தில் கொடுத்துப் பார்த்த பிறகு கடை விரிக்கட்டும். இரண்டு கரண்டி சர்பத்தில் விற்பனை கலால் சட்டத்தின் பக்கம் சாய்ந்துவிடும்.