12:07-க்கு வரும் மரம்

பேட்ரிக் நெஸ் எழுதிய ‘எ மான்ஸ்டர் கால்ஸ்’ (2011) நாவலின் பூதம், இங்கிலாந்துக் கல்லறைத் தோட்டத்தில் நிற்கும் ஒரு யூ மரம். நள்ளிரவு தாண்டி 12:07-க்கு 13 வயது கானரின் ஜன்னலுக்கு வருகிறது. அவன் பயப்படுவதில்லை, அதைவிட மோசமான கனவு அவனிடம் இருக்கிறது. அம்மாவுக்குப் புற்றுநோய்.

மரம் மூன்று கதைகள் சொல்லும்; நான்காவதை அவன் சொல்ல வேண்டும். முதல் கதையில் சூனியக்காரி ராணியைத்தான் மரம் காப்பாற்றுகிறது. கதையில் நடக்கும் கொலையைச் செய்தவன் ஊரே நேசிக்கும் இளவரசன். அவன் கடைசிவரை நல்ல அரசனாகவே இருந்துவிட்டுப் போகிறான். கானருக்குக் கோபம் வருகிறது. எனக்கும் வந்தது.

கானர் சொல்ல வேண்டிய நான்காவது கதை இதுதான். அம்மா பிழைக்க வேண்டும், இந்த வேதனை முடிந்தாலும் போதும்: இரண்டும் ஒரே நெஞ்சில். நோயாளியின் கட்டிலருகே மாதக்கணக்கில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், வெளியே சொல்லமாட்டார்கள். இந்தக் கதைக் கருவை விட்டுச்சென்ற சிவோன் டவுட் என்ற எழுத்தாளரும் 2007-இல் புற்றுநோயில் இறந்தவர். 2012-இல் கார்னகி பதக்கம் நெஸ்ஸுக்கு, கிரீனவே பதக்கம் ஓவியர் ஜிம் கேய்க்கு.

எனக்குப் பிடித்த இடம் பாட்டி வருவது. கடுகடுத்த மனுஷி, பேரனுக்கும் அவருக்கும் ஒத்தே போகாது. அவர் பொத்திப் பொத்தி வைத்திருந்த கூடத்தைக் கானர் அடித்து நொறுக்கியிருக்கிறான். வந்து பார்த்தவர் திட்டவில்லை. உடையாமல் மிச்சமிருந்த ஒரே அலமாரியை, வீறிட்டபடி தானே இழுத்துக் கவிழ்க்கிறார்.