முழங்கால் ஊன்றிய தண்டால்

ஃபிட் இந்தியா, கேலோ இந்தியா என்ற பெயர்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கான உடற்தகுதித் தேர்வு ஒன்றை ஒன்றிய அரசு 2019இலிருந்து முன்வைத்துவருகிறது. அந்தத் தேர்வின் பட்டியலை ஒரு பிரதியாக எடுத்து வாசிக்க விரும்புகிறேன். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை மூன்று சோதனைகள்: உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் பி.எம்.ஐ. கணக்கு, ஒற்றைக் காலில் சாயாமல் நிற்பது, இரண்டு தட்டுகளைக் கையால் மாறிமாறி வேகமாகத் தட்டுவது. நான்காம் வகுப்பிலிருந்து பட்டியல் மாறுகிறது. பி.எம்.ஐ. தொடர்கிறது. அதோடு 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம் அல்லது நடை, கால்நீட்டி உட்கார்ந்து முன்னால் எட்டித் தொடுவது, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கியபடி தோளைத் தூக்கி எழுவது, கடைசியாகத் தண்டால். இந்தக் கடைசி வரியில் பிள்ளைகள் இரண்டாகப் பிரிகிறார்கள். பையன்களுக்குத் தண்டால். பெண்பிள்ளைகளுக்கு முழங்காலைத் தரையில் ஊன்றிய தண்டால்.

ஒன்பது வயதில் இந்தப் பிரிவினை எதற்கு? பூப்பு வயதுக்கு முன்னால் ஆண், பெண் பிள்ளைகளின் தசை வலிமையில் உள்ள வேறுபாடு சிறியது. ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பெண்பிள்ளைகளுக்கு இடையில் அதைவிடப் பெரிய வேறுபாடு இருக்கலாம். முழங்கால் ஊன்றிய தண்டால் கெட்ட பயிற்சி என்று நான் சொல்லவில்லை. கையில் தெம்பு போதாத எந்தப் பிள்ளைக்கும் அது நல்ல தொடக்கப் படி. ஆனால் பட்டியல் அதைத் தெம்பு போதாத பிள்ளைக்குக் கொடுக்கவில்லை, பெண்ணுக்குக் கொடுக்கிறது. முழுத் தண்டால் எடுக்கக்கூடிய சிறுமிக்கு அதைக் காட்ட அங்கே இடமில்லை. ஒரு தண்டால்கூட எடுக்க முடியாத பையனுக்கு முழங்கால் ஊன்றித் தொடங்கவும் வழியில்லை. அவன் சுழியம் வாங்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். தீர்ப்பை முதலில் எழுதிவிட்டுப் பிறகு அளக்கும் முறை இது.

முதல் மூன்று வகுப்புகளின் சோதனைகளை மறுபடி பாருங்கள். ஒற்றைக் காலில் நிற்பதும் கையை வேகமாக மாற்றுவதும் நம் சிறுமிகள் தெருவில் தாங்களாகவே பழகிக்கொள்பவை. நான் ஏரலில் பிறந்து வளர்ந்தவள். சில்லு தாண்டியும் நொண்டியடித்தும் சொட்டாங்கல் பிடித்தும்தான் எங்கள் மாலைகள் போயின. அந்த மூன்று சோதனைகளை எங்களுக்கு வைத்திருந்தால் பையன்களுக்குச் சற்றும் குறையாமல் செய்திருப்போம். சோதனைகள் ஓட்டத்துக்கும் வலுவுக்கும் மாறும் நான்காம் வகுப்பு, ஊர் பெண்பிள்ளையைத் திடலிலிருந்து உள்ளே அழைக்கத் தொடங்கும் வகுப்பாகவும் இருக்கிறது. “ஏளா, வயசுக்கு வரப்போற பிள்ளைக்கு என்ன ஓட்டம்?” என்று கேட்காத ஆச்சி எங்கள் தெருவில் இல்லை. பள்ளி விட்டதும் பையன் பையை எறிந்துவிட்டு ஆற்றுப் பக்கம் ஓடுவான். அக்காவோ தங்கையோ தண்ணீர் பிடிக்கவும் தம்பியைப் பார்த்துக்கொள்ளவும் நிற்பாள்.

இது எங்கள் தெருவின் கதை மட்டும் இல்லை. ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களிடம் 2019இல் ஒன்றிய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அதில் செலவிடுகிறார்கள். அதே வேலையில் ஈடுபடும் ஆண்களுக்கு 97 நிமிடம். ஆறு வயதிலிருந்தே கணக்கெடுக்க வேண்டியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். “குடம் தூக்குற பிள்ளைக்கு உடற்பயிற்சி எதுக்கு?” என்று சிலர் கேட்பதுண்டு. குடம் தூக்குவதில் அலுப்பு வரும். ஓடிப் பழகிய மூச்சு வராது. தன் விருப்பத்துக்கு ஓடி, விழுந்து, எழுந்து, இன்னொரு தடவை முயன்று பார்க்கும் துணிச்சலை எந்த வீட்டு வேலையும் தருவதில்லை.

இந்த இடத்தில் எனக்கு ஐரிஸ் மரியன் யங் உதவுகிறார். பெண்பிள்ளை போல எறிவது என்ற பொருள்படும் தலைப்பில் அவர் 1980இல் வெளியிட்ட கட்டுரை, பெண்ணியச் சிந்தனையில் உடலைப் பற்றிய முக்கியமான கட்டுரைகளில் ஒன்று. சிறுமிகள் பந்தை முழு உடம்பையும் வீசி எறிவதில்லை, கையை மட்டும் அசைத்து எறிகிறார்கள் என்பதைக் கவனித்த எர்வின் ஸ்ட்ராஸ், அதற்குக் காரணம் பெண்தன்மைதான் என்று முடித்துக்கொண்டார். யங் அந்த முடிவை ஏற்கவில்லை. இடத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது, அடிபடக் கூடாது, பார்க்கிறவர்கள் பார்க்கிறார்கள் என்று நாளெல்லாம் சொல்லி வளர்க்கப்பட்ட உடம்பு, தன் பலத்தை முழுதாக இறக்கத் தயங்குகிறது என்றார். உடற்தகுதித் தேர்வு இந்தத் தயக்கத்தை விநாடியாகவும் எண்ணிக்கையாகவும் மாற்றி அவள் பெயருக்கு நேராக எழுதுகிறது. ஊர் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது, அவளுடைய குறையாகப் பதிவாகிறது.

தேர்வு நடக்கும் விதமும் இந்தக் குறையில் கொஞ்சம் சேர்க்கிறது. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கும் சோதனையைப் பாவாடைச் சீருடையில் இருக்கும் சிறுமி பையன்கள் சுற்றி நிற்கும்போது எப்படிச் செய்வாள்? ஒரு கையால் பாவாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு செய்வாள். அந்த 30 விநாடிகளில் அளக்கப்படுவது அவள் வயிற்றுத் தசையா, கூச்சமா? எடையைச் சத்தமாகச் சொல்லி நோட்டில் எழுதும் வழக்கத்தை நானே அனுபவித்திருக்கிறேன். அன்று சொன்ன எண், அந்த வருஷம் முழுக்க என்னோடு படித்தவளுக்குப் பட்டப்பெயரானது. இத்தனைக்கும் பி.எம்.ஐ. ரத்தசோகையைக் காட்டாது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் (2019–21) படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிலும் பாதிக்கும் மேல். ரத்தம் குறைந்த பிள்ளை 600 மீட்டரில் நின்றுவிட்டால் அதைச் சோம்பல் என்று எழுதுவது அநியாயம். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022 முதல் படிப்படியாக வந்த காலை உணவுத் திட்டத்தை இந்தக் காரணத்துக்காகவே உடற்கல்வியின் முதல் பாடம் என்பேன்.

இதையெல்லாம் யார் அளக்கிறார்கள்? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை, நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால், பகுதிநேர உடற்கல்விப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. ஒன்று முதல் ஐந்துக்கு அப்படி எதையும் சொல்லவில்லை. கணக்கும் தமிழும் நடத்தும் டீச்சர்தான் விசிலையும் எடுத்துக்கொள்ள வேண்டும். அவரும் பெரும்பாலும் சேலை கட்டிய, தன் பள்ளி நாளில் திடலுக்கு விடப்படாத ஒரு பெண்தான். தண்டாலைச் செய்துகாட்ட அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை. பயிற்சி தராமல் தேர்வு வைப்பதை வேறு எந்தப் பாடத்தில் ஏற்றுக்கொள்வோம்?

இப்படி அளப்பதன் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1950களில் ஹான்ஸ் கிராஸ் என்ற மருத்துவரும் அவர் சகாக்களும் எளிய தசைச் சோதனைகளை வைத்து, அமெரிக்கப் பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் தோற்றார்கள், ஐரோப்பியப் பிள்ளைகளில் பத்தில் ஒருவர்கூடத் தோற்கவில்லை என்று காட்டினார்கள். பனிப்போர்க் காலம். அதிபர் ஐசனோவர் 1956இல் இளைஞர் உடற்தகுதிக்கு ஒரு குழுவையே அமைத்தார். பிறகு வந்த பள்ளித் தேர்வில் 50 கெஜ ஓட்டமும் 600 கெஜ ஓட்டம்-நடையும் இருந்தன. நம் பட்டியலின் 50, 600 மீட்டர்களில் அவற்றின் சாயல் தெரிகிறது. நாட்டுக்குப் பலமான உடல்கள் வேண்டும் என்ற கவலையில் பிறந்த அளவுகோல், பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று கேட்பதை இரண்டாம் இடத்தில்தான் வைக்கும்.

நன்றாக ஓடினால் மட்டும் பெண் உடலுக்கு நிம்மதி உண்டா? புதுக்கோட்டை மாவட்டத்தின் ஏழைத் தொழிலாளர் குடும்பத்திலிருந்து வந்த சாந்தி சௌந்தரராஜன் 2006 தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை ஒன்றைக் காரணம் காட்டி அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். குறைவாக ஓடினால் பெண் என்பதால், கூடுதலாக ஓடினால் பெண்தானா என்பதால். நான்காம் வகுப்புப் படிவத்தின் முழங்காலும் தோகாவின் சோதனையும் ஒரே நம்பிக்கையில் நிற்கின்றன: பெண் உடல் எவ்வளவு பலமாக இருக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு, அதை வேறு யாரோ வரைவார்கள்.

இதில் உயிரும் சம்பந்தப்பட்டிருக்கிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு ஆக்ஸ்ஃபாம் வெளியிட்ட அறிக்கையின்படி கடலூர் மாவட்டத்தில் இறந்த ஆண்கள் 146 பேர், பெண்கள் 391 பேர். ஆண்கள் கடலுக்குள் போயிருந்ததும் பெண்கள் கரையில் நின்றதும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் காரணங்களில் சில. இலங்கையில் நீச்சலும் மரமேறுதலும் பெரும்பாலும் பையன்களுக்கே கற்றுத்தரப்படுவதையும் அந்த அறிக்கை சுட்டிக்காட்டியது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது ஏரல் பாலம் சேதமடைந்து ஊர் துண்டிக்கப்பட்டது. எங்கள் படித்துறையில் குதித்து நீந்திப் பழகும் பிள்ளைகள் இன்றும் பெரும்பாலும் பையன்களே. ஆறும் கடலும் சூழ்ந்த மாவட்டத்தில் ஒரு சிறுமியின் உடற்தகுதியை அளக்கும் பட்டியலில் ‘நீந்தத் தெரியுமா?’ என்ற கேள்வியே இல்லை.

அளப்பதே வேண்டாம் என்று முடித்துவிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அளக்காவிட்டால் பெண்பிள்ளையின் மூச்சிரைப்பை யாரும் கவனிக்கப்போவதில்லை. அளக்கும் முறையைத்தான் மாற்ற வேண்டும். இரண்டு வகைத் தண்டாலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக இருக்கட்டும், எது தனக்குத் தோதென்று பிள்ளையே தேர்ந்துகொள்ளட்டும். போன முறை செய்ததோடு இந்த முறை செய்ததை ஒப்பிட்டால் போதும், பக்கத்தில் நிற்கிறவளோடு வேண்டாம். எடையைத் தனியாகப் பார்த்துத் தனியாகச் சொல்லுங்கள். திடலுக்கு வரும் நாளில் எல்லோருக்கும் கால்சட்டைச் சீருடை கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளையின் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் பள்ளியின் மதிப்பெண்ணும் இருக்க வேண்டும். திடல் உண்டா? சென்ற வாரம் பெண்பிள்ளைகள் அதில் எத்தனை மணி நேரம் விளையாடினார்கள்? கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, அதை நம்பிப் பிள்ளைகள் தாகத்துக்குக் குடிக்கிறார்களா? உடற்கல்வி நடத்தும் டீச்சருக்குப் பயிற்சி கொடுத்தார்களா? டிரில் பீரியடைக் கணக்குப் பாடம் எத்தனை முறை எடுத்துக்கொண்டது? இந்தக் கேள்விகளுக்குப் பள்ளி சுழியம் வாங்கினால், அந்தப் பள்ளியின் சிறுமி 600 மீட்டரை எத்தனை நிமிடத்தில் கடந்தாள் என்று கேட்க நமக்கு உரிமையில்லை.

இதை வாசிக்கும் மாணவிகளில் சிலர் நாளை ஆசிரியராவீர்கள். உங்கள் கைக்கும் இந்தப் படிவம் வரும். நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி முழங்காலைத் தூக்கிக்கொண்டு முழுத் தண்டாலுக்கு முயன்றால், “உனக்கு அது இல்லைம்மா” என்று சொல்லாதீர்கள். எண்ணுங்கள். படிவத்தில் பெட்டி இல்லையென்றால் ஓரத்தில் எழுதுங்கள்.