தரங்கம்பாடி அறிக்கையும் சம்பா கோயில் சுவரும்

காரைக்காலிலிருந்து வடக்கே கடற்கரைச் சாலையில் கொஞ்ச தூரம் போனால் தரங்கம்பாடி. 1919 மே மாதத் தொடக்கத்தில் அங்கே கூடிய 33 பேர், தென்னிந்தியச் சபைகள் ஒன்றாக வேண்டும் என்று ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். இரண்டு பேரைத் தவிர எல்லோரும் இந்தியர்கள். முன்னின்றவர் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா. ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய ஆயர் அவர்தான். 28 வருடம் பேசிப் பேசி, 1947 செப்டம்பர் 27-இல் சி.எஸ்.ஐ. பிறந்தது. ஆயர் ஆட்சி உள்ள சபையும் அது இல்லாத சபைகளும் ஒரே குடையின் கீழ் வந்தது சாதாரண விஷயம் இல்லை. (தரங்கம்பாடியின் லுத்தரன் சபை மட்டும் அதில் சேரவில்லை என்பது தனிக்கதை.)

அறிக்கையில் எனக்கு உறுத்தும் இடம் ஒன்று உண்டு. இந்தப் பிரிவினைகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல, வெளியிலிருந்து எங்கள் மேல் சுமத்தப்பட்டவை என்கிறது அது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் என்ற பெயர்களைப் பொறுத்தவரை உண்மைதான். ஆனால் மென்பொருள் வேலையில் அடிக்கடி கேட்கும் சமாதானம் போலவும் இருக்கிறது: "எங்க கோடுல ஒண்ணும் இல்லீங்க, வெளியிலேர்ந்து எடுத்த லைப்ரரிலதான் பிரச்சினை."

நம்ம கோடு எப்படி இருந்தது என்று பார்க்க ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டலாம். 1745 அக்டோபர் பதிவு அது. புதுச்சேரியில் சேசு சபையாரின் சம்பா கோயிலுக்குள்ளே ஒரு சுவர். ஒரு பக்கம் பறையர் கிறிஸ்தவர்கள். மறுபக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் ஐரோப்பியர்களும். கோயில் கட்டிய நாளிலிருந்தே இப்படித்தான். காரைக்காலிலிருந்து வந்திருந்த பாதிரியாருக்கு இது சரியாகப் படவில்லை. அவர் பேச்சைக் கேட்டு, ஒதுக்கப்பட்டவர்கள் திரண்டுபோய்ப் பெரிய பாதிரியாரிடம் நியாயம் கேட்கிறார்கள். கடவுள் வித்தியாசம் பார்க்காதபோது நீங்கள் எப்படி ஒத்துக்கொண்டீர்கள் என்பதுதான் சாரம். சுவர் இடிக்கப்படுகிறது. சாதிக் கிறிஸ்தவர்களிடமிருந்து எதிர்ப்பும் கிளம்புகிறது.

பிள்ளை கிறிஸ்தவர் அல்ல. பாதிரியார் தூண்டிவிட்டார் என்ற தொனி அவர் எழுத்தில் இருக்கிறது. இருந்தாலும் கேள்வி கேட்டவர்களின் வாதத்தை மழுப்பாமல் பதிந்து வைத்திருக்கிறார். என் வாசிப்பில் அந்தப் பதிவின் பெருமையே அதுதான். தரங்கம்பாடி அறிக்கையில் சபைத் தலைவர்களின் குரல் கேட்கிறது. இங்கே சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களின் குரல் கேட்கிறது.

பழைய கதை என்று ஒதுக்கவும் முடியாது. காரைக்கால் இன்று புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தில் இருக்கிறது. அதே மறைமாவட்டத்தின் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச் 9-ஆம் தேதி மோதல் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். 1745-இல் சேர்ந்து உட்கார வேண்டும் என்று கேட்டார்கள். 2008-இல் பிரித்து விடுங்கள் என்று கேட்டார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் நேரெதிர். ஆனால் இரண்டும் ஒரே கோரிக்கைதான்: எங்களையும் சமமாக நடத்துங்கள்.

அதனால் "ஒற்றுமை" என்ற சொல் வரும்போதெல்லாம், அதைச் சொல்வது யார், விட்டுக்கொடுக்கச் சொல்வது யாரை என்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஒற்றுமை குலைகிறது என்று புகார் சொல்பவர், பெரும்பாலும் சுவருக்கு வசதியான பக்கத்தில் இருப்பவர்.

கிருபை என்றால் தகுதி பார்க்காமல் தரப்படுவது என்பது கிறிஸ்தவத்தின் அடிப்படைப் பாடம். அதை நம்புகிறவர் பக்கத்தில் யார் உட்காரலாம் என்று தகுதி பார்க்க முடியாது. சபைகளை இணைக்க 28 வருடமும் குழுக்களும் தேவைப்பட்டன. சம்பா கோயில் சுவரை இடிக்க ஒரு நியாயமான கேள்வியும், அதை நியாயம் என்று ஒத்துக்கொள்ள ஒரு பெரியவரும் போதுமாக இருந்தது. அறிக்கை எழுதியவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் ஒன்றாவது என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள, பிள்ளையின் அந்தப் பதிவைத்தான் முதலில் படிக்கச் சொல்வேன்.