சண்டியரும் காடையரும்: உதைபந்தாட்ட வன்முறை பற்றிய ஒரு கருத்துநிலை நோக்கு

திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் உதைபந்தாட்டம் வெறும் மாலைப் பொழுதுபோக்கன்று. துறைமுகத் தொழிலாளி, மீனவன், எழுதுவினைஞன் ஆகியோரின் பிள்ளைகள் ஒரே மைதானத்திற் சந்திக்கும் சமூக நிறுவனமாகவும் அது விளங்குகின்றது. பிரித்தானியப் படையினரோடு இத்தீவுக்கு வந்த இவ்விளையாட்டு, 1957ஆம் ஆண்டிலே கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்ட பின்னரும் துறைமுக நகரின் சொத்தாக நிலைத்தது. நடுவரின் தீர்ப்பையொட்டி மைதானத்திற் கைகலப்பு மூள்வதுண்டு. அதில் முன்னின்றவனை ஊரார் ‘சண்டியன்’ என்பர். பத்திரிகைத் தமிழோ ‘காடையர்’ என்னும். இவ்விரு சொற்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சண்டியனுக்குப் பெயருண்டு, தெருவுண்டு, தகப்பன் பெயருண்டு. அவனை வைத்திருக்கும் முதலாளியோ அரசியல்வாதியோ யாரென்பதையும் ஊர் அறியும். காடையனுக்கோ இவற்றுள் எதுவுமில்லை. அவன் எப்போதும் பன்மையிலேயே வருகின்றான். எங்கிருந்தோ வந்து எங்கோ மறைகின்றான். முன்னைய சொல் ஒருவனைச் சமூக உறவுகளுக்குள் வைத்து நோக்குகின்றது. பின்னைய சொல் அவனை அவ்வுறவுகளிலிருந்து பிரித்து விடுகின்றது. இப்பிரிப்பிலேதான் அச்சொல்லின் கருத்துநிலைத் தொழிற்பாடு அடங்கியுள்ளது.

‘காடையர்’ என்பதற்கு ஈடான ‘ஹூலிகன்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் வரலாறும் இதனையே உணர்த்தும். 1890களின் இறுதியில் இலண்டன் பத்திரிகைகள் அதனைப் பரப்பின. ஐரிஷ் குடும்பப் பெயரின் சாயலுடைய அச்சொல் தொழிலாளர் குடியிருப்புகளின் இளைஞர்மீது சுமத்தப்பட்டது. ஒவ்வொரு தலைமுறையிலும் ஆளும் வர்க்கத்தார் இத்தகைய இளைஞரை முன்னெப்போதும் இல்லாத புதுத் தீமையாகவே கண்டனர் என்பதை ஜெஃப்ரி பியர்சன் 1983இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார்.

இதற்கு மாறான விளக்கம் இடதுசாரிகளிடமிருந்தே வந்தது. கழகங்கள் வணிக நிறுவனங்களாக மாறியபோது அவற்றின்மீது தமக்கிருந்த பிடியை இழந்த தொழிலாளரின் எதிர்ப்பே அரங்க வன்முறை என 1971இல் இயன் டெய்லர் வாதித்தார். இக்கருத்து ஒழுக்கப் போதனையினும் மேலானது, ஆயினும் போதியதன்று. கழகங்கள்மீது தொழிலாளருக்கு அத்தகைய பிடி என்றேனும் இருந்ததா என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. மேலும், 1970களின் இறுதியில் பிரித்தானியாவின் இனவாதக் கட்சியான தேசிய முன்னணி உதைபந்தாட்ட அரங்குகளிலேயே ஆள் திரட்டியது. கோபம் வர்க்கத்தினுடையதாயினும் அதன் திசையை வேறொருவர் தீர்மானிக்கலாம் என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது.

1980 ஓகஸ்ட் 16ஆம் நாள் கல்கத்தாவின் ஈடன் தோட்ட அரங்கில் ஈஸ்ட் பெங்கால், மோகன் பாகன் அணிகள் மோதியபோது பதினாறு பேர் மாண்டனர். 1947இன் பிரிவினையால் ஏதிலிகளானோர் ஒரு கழகத்தையும், பூர்விகக் கல்கத்தாவினர் மற்றதையும் பெரிதும் ஆதரித்தனர். மாண்டோரும் மோதியோரும் பெரும்பாலும் எளிய மக்களே. அப்போது மாநிலத்தில் ஆட்சியிலிருந்தது இடது முன்னணி என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

1985இல் பிரசெல்ஸ் நகரின் ஹெய்சல் அரங்கில் லிவர்பூல் இரசிகர் சிலரின் தாக்குதலால் முப்பத்தொன்பது பேர் இறந்தனர். குற்றவாளிகள் பெயர் பெயராகத் தண்டிக்கப்பட்டனர். ஆனால் 1989 ஏப்பிரல் 15இல் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ அரங்கில் நிகழ்ந்தது வேறு. பொலிசாரே வாயிலைத் திறக்கச் செய்து, ஏற்கெனவே நிரம்பியிருந்த அடைப்புகளுக்குள் மக்கள் செல்ல இடமளித்தனர். நெரிசலில் உயிரிழந்தோர் தொகை பின்னர் தொண்ணூற்றேழானது. இரசிகரே வாயிலை உடைத்தனரெனப் பொலிசார் கூற, பத்திரிகைகள் அவர்களைக் காடையராகச் சித்திரித்தன. சட்டத்திற்கு மாறாகக் கொல்லப்பட்டோர் அவர்கள் என்றும், இரசிகர்மீது குற்றமில்லை என்றும் நடுவர்குழு தீர்ப்பளிக்க 2016 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஹெய்சலின் உண்மைக் குற்றமே ஹில்ஸ்பரோவின் பொய்க்கு நம்பகத்தன்மை அளித்தது. 2022 ஒக்டோபர் முதல் நாள் இந்தோனேசியாவின் மலாங் பகுதியில் பொலிசார் அரங்கினுள் கண்ணீர்ப்புகை வீசியதைத் தொடர்ந்து நூற்றுமுப்பத்தைந்து பேர் மாண்டபோதும், முதலில் எழுந்த பழி இரசிகர்மீதே விழுந்தது.

இனி நமது துறைமுகத்திற்கு மீளலாம். 1983 யூலையில் கொழும்பில் வீடுகளை எரித்தோரைத் தமிழ்ப் பத்திரிகைகள் ‘காடையர்’ என்றன. அவர்களின் கைகளில் வாக்காளர் இடாப்புகள் இருந்தன; இடாப்பு தெருவிற் பொறுக்கி எடுக்கப்படும் பொருளன்று. திருகோணமலையிலோ தமிழரின் வீடுகளுக்கும் கடைகளுக்கும் தீயிட்டோர், தளத்திலிருந்து வெளியேறி வந்த கடற்படையினர். அவர்களுக்குப் படையெண் உண்டு, பதவி உண்டு, சம்பளப் பதிவேடு உண்டு. மைதானத்தில் நடுவரை நோக்கிக் கல்லெறிந்தவனுக்கும், அரசின் சம்பளத்திலிருந்து நெருப்பு வைத்தவனுக்கும் ஒரே சொல்லை வழங்குவோமாயின், முன்னவனுக்கு அநீதி இழைத்து, பின்னவனையும் அவனை ஏவியோரையும் தப்பவிட்டவராவோம். வசைச்சொல்லாய்த் தோன்றும் ஒன்று, உண்மையில் விடுதலைப் பத்திரமாகவே பயன்படுகின்றது.

இலக்கிய விமர்சனத்திற்கு இதிற் பங்குண்டு. இனக்கலவரங்களைப் பொருளாகக் கொண்ட நமது சிறுகதைகள் பலவற்றிலே காடையர் முகமற்ற நிழல்களாக இறுதிப் பந்தியில் நுழைகின்றனர், கதவு உடைகின்றது, கதை முடிகின்றது. வாசகனின் இரக்கம் தூண்டப்படுகின்றதேயன்றி அவனது அறிவு தூண்டப்படுவதில்லை. திருகோணமலை மாவட்டத்தின் மூதூர் மண்ணிலிருந்து எழுதிய வ. அ. இராசரத்தினம், கடலை நம்பி வாழ்வோருக்கு ஈழத்து இலக்கியத்தில் முகமளித்தவர். அதே கடற்கரையின் மைதானத்தில் வேலையற்று நிற்கும் இளைஞனுக்கும், அவனைக் கூலிக்கு அழைப்பவனுக்கும், அழைப்பவனுக்குப் பின்னால் இருப்பவனுக்கும் முகமளிப்பது எஞ்சியுள்ள பணியாகும். இது வன்முறையாளனை மன்னிப்பதன்று. அவனைப் பெயர் சொல்லி அழைப்பது. பெயரிடப்பட்டவனையே விசாரிக்க முடியும். விசாரிக்கப்பட்டவனே தன்னை ஏவியவனைக் காட்டிக்கொடுக்கவும் கூடும். ‘காடையர்’ என்று எழுதி முற்றுப்புள்ளி வைக்கும் எழுத்து அவ்விசாரணையைத் தொடங்கும் முன்னரே முடித்து விடுகின்றது.